திண்டிவனம் சலூனில் தொங்கிய இத்தாலித் துப்பாக்கி: ஒரு திருத்தமும் ஒரு நாள் பயணமும்

2013 ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, தாம்பரத்திலிருந்து திண்டிவனம், மயிலம், விழுப்புரம் என்று ஒரு சுற்று போய்வந்தேன். மலைக்கோயில் ஏறவில்லை, செஞ்சிப் பக்கம் திரும்பவில்லை. மூன்று வருடத்துக்கு முன் இதே தளத்தில் நான் எழுதிய ஒரு பதிவால் மயிலம் பக்கத்து மனிதர் ஒருவரின் குவைத் வேலை போகவிருந்தது. அதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கத்தான் போனேன். அந்த வழியில் போகிறவர்களுக்கு உதவுமே என்று பஸ் நேரமும் கட்டணமும் வழக்கம்போல எழுதியிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். சினிமாவிலும், தியேட்டர் பேனர்களிலும், மாத நாவல் அட்டைகளிலும் வரும் துப்பாக்கிகள் எந்த நாட்டு எந்த மாடல் என்று கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. கதாநாயகன் அழுதுகொண்டிருப்பான், நான் அவன் கையிலிருக்கும் பிஸ்டலின் பிடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி என்னோடு படத்துக்கு வருவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இந்தக் கிறுக்கு பிடித்த ஆட்களுக்கு எம்1951 என்றால் தனிப் பிரியம். உலகப் போருக்குப் பிறகு இத்தாலி ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட கைத்துப்பாக்கி. எட்டுக் குண்டு. மேல்பக்கம் திறந்திருக்கும், குழல் வெளியே தெரியும். பாதுகாப்புப் பொத்தான் பிடியின் மேல்மூலையில் குறுக்காகப் போகும், குண்டுப் பெட்டியை விடுவிக்கும் பொத்தான் பிடியின் அடியில் இருக்கும். பிறகு எகிப்திலும் ஈராக்கிலும் அதே அச்சில் செய்தார்கள். எழுபதுகளின் இத்தாலி போலீஸ் படங்களில் திரும்பின பக்கமெல்லாம் அதுதான். அதற்குப் பின் வந்த தம்பி மாடல் ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்ததும் அண்ணனை யாரும் சீந்தவில்லை.

2010 ஆகஸ்டில் மயிலம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது திண்டிவனத்தில் ஒரு சலூனில் முடி வெட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு மேலே சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒன்று தொங்கியது. பின்பக்கம் நீளமாக முடி விட்ட ஓர் இளைஞர், மார்புக்குக் குறுக்கே கைத்துப்பாக்கி பிடித்து நிற்கிறார். சாட்சாத் எம்1951. கேமராவால் அதைப் படமெடுத்து அன்று சாயங்காலமே பதிவு போட்டேன். அந்தப் பதிவிலிருந்து மூன்று வரிகளை இங்கே தர வேண்டியிருக்கிறது. "இது பொம்மை அல்ல, திறந்த மேல்பக்கத்தில் குழல் மின்னுவதைப் பாருங்கள்." "விரலை ட்ரிக்கருக்கு வெளியே வைத்திருக்கும் விதம் இவர் ஆயுதப் பயிற்சி பெற்றவர் என்பதைக் காட்டுகிறது." "வளைகுடாவிலிருந்து, அநேகமாக ஈராக்கிலிருந்து, வந்த துப்பாக்கியாக இருக்கலாம்." எழுதும்போது எனக்கு ஒரே பெருமை. அறுபத்து மூன்று பின்னூட்டங்கள் வந்தன. படத்தில் இருந்தவரின் முகத்தை மறைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, பின்னூட்டம் போட்ட யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வருடம் மே மாதக் கடைசியில் அந்தப் பழைய பதிவின் கீழே புதிதாக ஒரு பின்னூட்டம் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். 'போட்டோவில் இருப்பவர் என் கணவர், தயவுசெய்து போன் செய்யவும்.' செய்தேன். கணவரின் பெயரை அருள்தாஸ் என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேறு. குவைத்தில் பதினோரு வருடமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். விடுமுறையில் வந்தவர் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து யாரோ காவல் நிலையத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். வரப்புத் தகராறு உள்ள ஒருவர்மீது இவர்களுக்குச் சந்தேகம், நான் அதைக் கிளறவில்லை. கடுதாசியோடு என் பதிவை வண்ணத்தில் அச்செடுத்து இணைத்திருந்தார்கள். மேலே சொன்ன மூன்று வரிகளுக்கும் சிவப்பு மையில் அடிக்கோடு.

காவல் நிலைய அறிக்கை போனால்தான் பாஸ்போர்ட் வரும், அது நின்றுவிட்டது. குவைத்தை விட்டு வந்து ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செத்துவிடும். நான் பஸ் ஏறிய அன்று மிச்சம் இருந்தது பதினாறு நாள்.

பெருங்களத்தூர் நிறுத்தத்தில் 5.50க்கு விழுப்புரம் பஸ் கிடைத்தது. திண்டிவனத்துக்கு 58 ரூபாய், தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் சொச்சம். இடதுபக்க ஜன்னல் வேண்டாம், செங்கல்பட்டு தாண்டியதும் வெயில் முகத்தில் அடிக்கும். 7.55க்கு மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்துக்குள் போகாத வண்டிகள் நிறைய உண்டு, ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு இட்லி, ஒரு வடை, காபி 38 ரூபாய். சட்னியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அரைத்துப் போட்டிருந்தார்கள், நன்றாக இருந்தது.

சலூன் 8.30க்குத் திறந்தது. போட்டோ அதே இடத்தில் இருந்தது. அருள்தாஸ் போனில் சொன்னபடி அது 1993ல் விழுப்புரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது, கையிலிருந்தது ஸ்டூடியோ பொருள். அவர் போய்ப் பார்த்திருக்கிறார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்ததாம், ஸ்டூடியோவின் பெயரும் அவருக்கு நினைவில்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் போட்டோவின் பின்பக்கம் முத்திரை குத்தி நெகட்டிவ் எண் எழுதுவது வழக்கம் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் முதலில் சலூன்.

சலூன்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அட இன்னா சார் நீங்க! அந்த முடி நான் வெட்டுனது. பின்னாடி எறங்குது பாருங்க, அந்தக் கட்டிங் அப்போ திண்டிவனத்துல எனக்கு மட்டுந்தான் வரும். வர்றவங்க பாத்துட்டு 'இதே மாதிரி வெட்டு'ன்னு கேக்கட்டும்னுதான் மாட்டி வெச்சிக்கினுகீறேன். துப்பாக்கிய யாரு பாத்தா?"

நான் பார்த்தேன் என்றேன்.

"நீங்க ஒருத்தருதான் சார் பாத்தீங்க. இருவது வருசத்துல." அவர் சிரிக்கவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். பின்பக்கத்துப் பழுப்புத் தாளைச் சவரக் கத்தியால் அறுத்தார். ஊதா நிறத்தில் ஸ்டூடியோவின் முத்திரை, அதன் கீழே பென்சிலில் 473/93. போட்டோவை ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்து, "எடுத்துக்கினு போங்க, ஆனா திருப்பிக் குடுத்துருங்க, ஆணி சும்மா நிக்குது" என்றார். வெறும் ஆணியைக் காட்டினார், தலையாட்டிவிட்டு வந்தேன்.

திண்டிவனம் பஸ் நிலையத்திலிருந்து மயிலத்துக்கு 9.25 பஸ், 9 ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம், உட்கார இடம் கிடைக்காது. மயிலத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், 10 ரூபாய். ஓட்டுநர் "யாரூட்டுக்கு சார்?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தத் துப்பாக்கி கேஸா? பத்திரிகைக்காரரா நீங்க?" என்றார். வழியில் ஏறிய இரண்டு பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை, தெரிந்தவன் என்று மட்டும் சொல்லி வெளியே பார்த்துக்கொண்டேன். ஊருக்குள் போவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது, விவகாரம் காவல் நிலையத்தோடு நிற்கவில்லை.

மாதா படம் பதித்த டைல்ஸ் வாசல், இரண்டு அறை, மாடியில் பாதி எழுந்து நின்ற சுவர். அருள்தாஸுக்கு முப்பத்தொன்பது வயது. முடி முன்பக்கம் கொட்டிவிட்டது. பாஸ்போர்ட் நகல், விசா நகல், கம்பெனிக் கடிதம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவர் அதிகம் பேசவில்லை. பேசியது அவர் மனைவி.

"நீங்கதானா சார் அது?" என்றார். ஆமாம் என்றேன்.

"நீங்க எழுதுனத எம் பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இவரு ட்ரெய்னிங் எடுத்தவருன்னு போட்டுகீறீங்களே, எங்க சார் எடுத்தாரு? அப்ப இவருக்கு வயசு பத்தொம்போது. திண்டிவனத்துல மல்லாட்டை மண்டியில மூட்டை தூக்கிக்கினு இருந்தாரு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அத அப்பறம் பேசிக்கலாம், மொதல்ல காபி குடிங்க, பஸ்ஸு போய்டும்" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது.

அருள்தாஸும் நானும் 11.05க்குக் கிளம்பினோம். கூட்டேரிப்பட்டுக்கு ஷேர் ஆட்டோ, அங்கே நெடுஞ்சாலையில் விழுப்புரம் பஸ். திண்டிவனத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை, முக்கால் மணி நேரம் மிச்சம். பஸ்ஸில்தான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். டிரைவிங் லைசென்ஸுக்குப் பாஸ்போர்ட் அளவுப் போட்டோ எடுக்கத்தான் ஸ்டூடியோவுக்குப் போனாராம். எடுத்து முடித்ததும் ஸ்டூடியோக்காரர், இன்னும் பதினைந்து ரூபாய் கொடுத்தால் துப்பாக்கியோடு ஒன்று எடுக்கலாம் என்றிருக்கிறார்.

"கூலிங் கிளாஸ் வெச்சி எடுத்தா பத்து, போன் காதுல வெச்சி எடுத்தா பத்து, துப்பாக்கின்னா பதினஞ்சி. எனக்குத் துப்பாக்கி புடிச்சிருந்துச்சி சார்."

"எப்படி இருந்தது? கனமாக இருந்ததா?"

"பலகை சார் அது. பெயின்ட்டு அடிச்ச பலகை. போலீஸ்லயும் இதத்தான் சொன்னேன். ஏட்டு உங்க பேப்பரக் காட்டி, 'இவ்ளோ வெவரமா எழுதியிருக்கறவன் பொய்யா சொல்லுவான்?'னு கேட்டாரு."

செய்தித்தாளைப் பிரித்து மடியில் வைத்து மறுபடி போட்டோவைப் பார்த்தேன். குழல் மின்னியது. மேல்பக்கத்தின் திறப்பு தெரிந்தது. பிடியின் அடியில் பொத்தான் கூடச் சரியான இடத்தில் இருந்தது. பலகையில் எப்படி இதெல்லாம் வரும்? அந்த நிமிடத்தில், அருள்தாஸ் பொய் சொல்கிறாரோ என்ற எண்ணம் எனக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்த மனிதரைப் பற்றி அப்படி நினைத்தேன். இதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவே பாதிப் பொய்யாகிவிடும்.

12.20க்கு விழுப்புரம். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் முத்திரையைக் காட்டிக் கேட்டோம். கடைக்காரர் பார்த்த உடனே, "அவரு இப்ப கல்யாண வீடியோவுக்குத்தான் போறாரு. கோர்ட்டாண்ட ஜெராக்ஸ் கடை வெச்சிக்கினு அவரு சம்சாரம் இருப்பாங்க, போங்க" என்றார். டவுன் பஸ் நான்கு ரூபாய், ஷேர் ஆட்டோ பத்து. நாங்கள் ஆட்டோவில் போனோம்.

கடையில் இரண்டு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு கம்ப்யூட்டர், பின்னால் நீலத் திரை. ராஜேஸ்வரி என்று அவரை அழைக்கிறேன், இதுவும் மாற்றிய பெயர். ஐம்பதைத் தாண்டியவர். யாரோ ஒரு பையனின் பாஸ்போர்ட் போட்டோவில் சட்டைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார், கம்ப்யூட்டரில்தான். நான் போட்டோவை மேஜைமேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி இன்னும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது நான் டச்சிங் பண்ணதாச்சே!"

பழைய ஸ்டூடியோக்களில் டச்சிங் என்று ஒரு வேலை உண்டு. நெகட்டிவில் கூரான பென்சிலால் கோடு போட்டால் பிரின்டில் அந்த இடம் வெளுப்பாக வரும், பிளேடால் லேசாகச் சுரண்டினால் கறுப்பாக வரும். அம்மைத் தழும்பை மறைப்பது, புருவத்தை அடர்த்தியாக்குவது எல்லாம் அப்படித்தான். அந்த ஸ்டூடியோவில் டச்சிங் முழுவதும் இவர் வேலை. எனக்கு அது தெரியும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். முகத்துக்குச் செய்வார்கள் என்று தெரியும். துப்பாக்கிக்குச் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"தியேட்டர்ல பேனர் எழுதறவரு ஒருத்தரு பிளைவுட்ல அறுத்துக் குடுத்தாரு. காலைக் காட்சிக்கு வர்ற இங்கிலீஷ் படம், அதான் வெளிநாட்டுப் படம், அதோட போஸ்டர்ல இருந்த துப்பாக்கி. அவராண்ட இருந்தது அந்த ஒரு போஸ்டர்தான். எந்தப் படத்துக்கு பேனர் எழுதினாலும், எந்த ஹீரோவா இருந்தாலும், அந்தத் துப்பாக்கியத்தான் கையில குடுப்பாரு. பலகை போட்டோவுல மொக்கையா தெரிஞ்சிது. அதான் போஸ்டர் துண்ட வாங்கி எதிர்ல ஒட்டி வெச்சிக்கினு, பாத்துப் பாத்து பென்சில் போட்டேன். நல்லா இருக்குதா?"

அற்புதமாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே சொன்னேன். இந்தப் பகுதித் தியேட்டர் பேனர்களில் மட்டும் ஏன் எம்1951 அடிக்கடி வருகிறது என்று 2009ல் நான் இரண்டு பதிவு எழுதி மண்டையை உடைத்துக்கொண்டது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். காரணம் ஒரே ஒரு போஸ்டர். நான் அசல் துப்பாக்கி என்று நம்பிவிட்டேன் என்றதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அருள்தாஸ் சிரிக்கவில்லை. அவர் பிளாஸ்டிக் பையைத் திறந்து காகிதங்களை எடுத்து, நடந்ததைச் சொன்னார். போலீஸ் என்ற வார்த்தை வந்ததும் ராஜேஸ்வரியின் சிரிப்பு போய்விட்டது.

ஆனாலும் நெகட்டிவைத் தேடினார். வருடம் எழுதிய பிஸ்கட் டப்பாக்கள் பரணில் இருந்தன. 93ல் 473 இருந்தது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் துப்பாக்கி இருந்த இடத்தில் மட்டும் பென்சில் கரி பளபளத்தது. அதற்குப் பக்கத்திலேயே 474. அதிலும் அருள்தாஸ்தான். கண்ணை மூடிவிட்டதால் ஒதுக்கி வைத்தது, டச்சிங் செய்யாதது. மானிட்டரில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து, நெகட்டிவை அதன்மேல் பிடித்து டிஜிட்டல் கேமராவில் எடுத்தார். கம்ப்யூட்டரில் கறுப்பை வெள்ளையாக, வெள்ளையைக் கறுப்பாக மாற்றிப் பெரிதுபடுத்தினார்.

கண்ணை மூடிய பத்தொன்பது வயதுப் பிள்ளை, கை கொஞ்சம் திரும்பியிருக்க, ஒரு பலகைத் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஓரத்தில் பிளைவுட்டின் அடுக்குகளை எண்ணலாம், ஐந்து. ட்ரிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையே இல்லை. கறுப்புப் பெயின்டில் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. விரலை எங்கே வைப்பான்? வெளியேதான் வைக்க முடியும். அதைத்தான் நான் ஆயுதப் பயிற்சி என்று எழுதினேன்.

படத்தை அச்செடுத்தாகிவிட்டது. ஆனால் படம் மட்டும் போதாது, அந்தத் துப்பாக்கி எங்கள் ஸ்டூடியோவின் பலகைப் பொருள் என்று ஒரு கடிதம் வேண்டும். அதைக் கேட்டதும் ராஜேஸ்வரி நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"நெகட்டிவ் வேணும்னா எடுத்துக்கினு போங்க. கடுதாசியெல்லாம் என்னால குடுக்க முடியாது. துப்பாக்கி எங்குளுதுன்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எங்கூட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. எதுக்கு இந்தப் பேஜாரு?"

அருள்தாஸ் காகிதங்களைத் திரும்பப் பையில் வைத்தார். நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். ராஜேஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க எழுதுனீங்களே, அதுல உங்க பேரு இருக்குதா?"

இல்லை. பன்னிரண்டு வருடமாகப் புனைபெயரில்தான் எழுதுகிறேன். அரசு அலுவலகத்தில் வேலை. துப்பாக்கியைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவன் என்று மேலதிகாரிக்குத் தெரிந்தால் மெமோ வரலாம், பதவி உயர்வு தள்ளிப்போகலாம். இதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு மட்டும் பயம் இருக்கலாம். தப்பா எழுதுனவரு நீங்க, நீங்க மொதல்ல எழுதுங்க. பேரு, வேலை, அட்ரஸ், போன் நம்பரு. அத என் கண்ணால பாக்கறேன். அப்பறம் நான் எழுதறேன்."

நெகட்டிவையும் அவரையும் வைத்து வேலையை முடித்துக்கொண்டு, என் பெயர் வெளியே வராமல் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம் என்றுதான் நான் காலையில் பஸ் ஏறினேன். அது எனக்கே அந்தக் கடையில் நிற்கும்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளைத்தாள் வாங்கி, மூன்று வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மூன்றும் தவறு, நேரில் பார்க்காமல் என் யூகத்தில் எழுதியது என்று குறிப்பிட்டேன். உண்மைப் பெயரும் அலுவலக முகவரியும் போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் வரிவரியாகப் படித்தார். 'யூகம்' என்ற இடத்தில் விரலை வைத்து, "இது சரி" என்றார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, ஐந்து நிமிடத்தில் தன் கடிதத்தை அடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்டூடியோவின் பழைய முத்திரையைத் தேடியெடுத்துக் குத்தினார்.

அருள்தாஸின் ஊர் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது மாலை 5 மணி. ஏட்டு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். பலகைப் படத்தில் அடுக்குகளை அவரும் எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க மிலிட்டரியா?"

"இல்லை சார்."

"துப்பாக்கியப் பத்தி இவ்ளோ தெரிஞ்சி வெச்சிக்கினு இருக்கீங்க. எப்பிடி?"

"சினிமா பார்த்துத்தான்."

"நெசத் துப்பாக்கி எத்தினி பாத்துருக்கீங்க?"

பக்கத்தில் பார்த்ததில்லை என்றேன். வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்குவதைத் தவிர ஒன்றுகூட இல்லை. ஏட்டு என் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். "நீங்க எழுதுனத வெச்சி இவர நான் நாலு தபா கூப்ட்டு ஒக்கார வெச்சேன்" என்றார். என்னிடம் கோபித்துக்கொள்வதுபோலத் தெரியவில்லை, அவருக்கும் சங்கடமாக இருந்திருக்கும். கடிதங்களைக் கோப்பில் சேர்த்துக்கொண்டு, அறிக்கை ஜல்தியாகப் போய்விடும் என்று அருள்தாஸிடம் சொன்னார்.

திண்டிவனத்திலிருந்து 7 மணிக்கு பஸ், 9.15க்குத் தாம்பரம். சலூன்காரரின் போட்டோவை மறுபடி மாட்டிவிட்டுத்தான் ஏறினேன். அருள்தாஸுக்குப் பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது விசாவில் நான்கு நாள் மிச்சம். மறுநாளே டிக்கெட் எடுத்தார். விமான நிலையத்திலிருந்து அவர் மனைவி போன் செய்தார். "போயிட்டாரு சார்" என்றார். காபி குடிக்கும்போது 'அப்பறம் பேசிக்கலாம்' என்று சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். "பேசிக்கலாம் சார், அவரு நல்லபடியா போய்ச் சேரட்டும்" என்று வைத்துவிட்டார். இன்னும் பேசவில்லை.

இனி பயணம் போகிறவர்களுக்கு. மயிலத்திலிருந்து விழுப்புரம் போக கூட்டேரிப்பட்டு வழிதான் நல்லது. விழுப்புரத்தில் மதியம் ஒன்றரைக்கு மேல் சாப்பாடு கிடைப்பது சிரமம், முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள். என்னைப்போல் பேனர், போஸ்டர், பழைய போட்டோ என்று தேடிப் போகிறவர்கள் அங்கேயே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். சலூன்காரரிடம் அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கு அவசியமே வந்திருக்காது. முகங்களை மறையுங்கள்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். பழைய பதிவை நீக்கிவிட்டேன். ஆனால் அதற்குள் ஏழு தளங்கள் அந்தப் படத்தை என் வரிகளோடு எடுத்துப் போட்டிருக்கின்றன. எழுதிக் கேட்டதில் நான்கு பேர் நீக்கினார்கள், மற்ற மூன்றும் பதில் தரவில்லை. அருள்தாஸின் புதிய பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குத்தான். 2023ல் மறுபடி ஒரு விசாரணை வரும். அப்போது இந்த ஏட்டு இருக்க மாட்டார், அந்தப் படம் இருக்கும். எங்கே அதைப் பார்த்தாலும் கீழே ஒரு வரி எழுதுங்கள்: இவர் கையில் இருப்பது பிளைவுட், இவர் டிரைவிங் லைசென்ஸுக்குப் போட்டோ எடுக்க வந்தவர்.